டின்னர் ஜாக்கெட்

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு சிறிய தவறு. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஜெயராணி டீச்சரின் கை நீளம் ஒன்பதரை அங்குலம் என்று எழுதியிருக்கிறேன். அது எட்டரை. டேப்பைப் பிடித்திருந்த ஏஞ்சல் மேரி எட்டரை என்றுதான் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. என் காதில் ஒன்பதரை என்று விழுந்தது. இன்று டீச்சருக்கு போன் செய்து, அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றை அளந்து சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். சிவப்பு மையால் அடித்துத் திருத்திவிட்டேன். துணியை இன்னும் வெட்டவில்லை என்பதால் நஷ்டம் இல்லை. ஆனாலும் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும்.

யாருக்காக, எதற்காக என்பதையும் எழுதி வைக்கிறேன். பின்னால் படித்தால் எனக்கே மறந்திருக்கும்.

பகலில் நான் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மாலை ஆறு முதல் எட்டு வரை அதே தெருவில் ஒரு மாடியில் தையல் வகுப்பு. நடத்துபவர் வினோதினி அக்கா. நான் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பக்கத்து மெஷின் ஏஞ்சல் மேரியுடையது. அவளுடைய அத்தைதான் ஜெயராணி டீச்சர். அரியலூரில் தமிழாசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். கணவர் மிக்கேல் சார் சிமெண்ட் ஆலையில் இருந்தவர். மகன் சகாய ஆனந்த் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் அப்பா அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்திருக்கிறார். சிங்கப்பூரில் ஏறி, மூன்று இரவு கடலில் சுற்றி, சிங்கப்பூரிலேயே இறங்குவது. வரும் பதின்மூன்றாம் தேதி இங்கிருந்து கிளம்புகிறார்கள்.

மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அப்படியே எழுதுகிறேன்: “அம்மா, ரெண்டாவது நாள் கப்பல்ல பெரிய டின்னர். நல்லா டிரெஸ் பண்ணாத்தான் உள்ள விடுவாங்க. டின்னர் ஜாக்கெட் முக்கியம். இங்க வந்து தைக்க நேரம் இருக்காது. அங்கயே தைச்சு எடுத்துட்டு வந்துருங்க. அளவு கரெக்டா இருக்கணும்.”

வெள்ளிக்கிழமை டீச்சர் அளவு கொடுக்க வகுப்புக்கே வந்தபோது இதைப் பற்றித்தான் பேச்சு.

“டின்னர் ஜாக்கெட்டுன்னா என்னா?” என்றார் வினோதினி அக்கா.

“ராத்திரி சாப்பாட்டுக்குப் போடற ஜாக்கெட்டுக்கா,” என்றாள் ஏஞ்சல்.

“அது தெரியுது. எப்படித் தைக்கறது?”

“சாப்பாட்டுக்குன்னா வயித்துப் பக்கம் கொஞ்சம் லூசு விடணும்.”

டீச்சர் சிரிக்கவில்லை. “டின்னருக்கு உரிய ஜாக்கெட்டு டின்னர் ஜாக்கெட்டு. நாலாம் வேற்றுமைத் தொகை. இதுல குழம்ப என்ன இருக்கு?” என்றார். அதற்கு மேல் யாரும் குழம்பவில்லை.

துணி கருநீலப் பட்டு. டீச்சரின் சாம்பல் நிறப் புடவைக்குக் கருநீலக் கரை. ஒரு மீட்டர் போதும். கப்பல் என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றரை மீட்டர் எடுத்திருந்தார். இது வெளியாளுக்கு நான் தைக்கும் முதல் ஜாக்கெட். ஏஞ்சலுக்குத் தைத்தது கணக்கில் வராது. அவள் எதையும் “நல்லாருக்கு” என்று சொல்லிவிடுவாள்.

திங்கள் என்பதால் சிறுவாச்சூர் பஸ்ஸில் கோயில் கூட்டம். நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். கண்ணை மூடினால், நிற்கும் இடம் கப்பலின் நடைபாதை மாதிரி ஆடியது.

பிப்ரவரி 5, புதன்

வெட்டிவிட்டேன். வெட்டிய துண்டுகளை இன்னொரு முறை அளந்து பார்த்தேன்.

கழுத்து எப்படி வைப்பது என்று டீச்சரிடம் கேட்காமல் விட்டது என் குறை. வெட்டும் முன் போன் செய்தபோது, “உங்க இஷ்டம், கப்பலுக்குப் பொருத்தமா இருக்கணும்,” என்றார்.

“கப்பலுக்குன்னா போட் நெக்தான்,” என்றாள் ஏஞ்சல், தோளுக்குத் தோள் படகு மாதிரி அகலமாகப் போகும் கழுத்தைச் சொல்லி. இந்த வகுப்பில் அவள் சொன்னதில் இது ஒன்றுதான் அக்காவும் ஒப்புக்கொண்ட யோசனை.

மாலையில் பத்து மெஷின்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒரு சத்தம் வருகிறது. பாபின் நூல் தீர்ந்து ஒன்று நிற்கும். நின்ற இடத்தை இன்னொன்று நிரப்பும். நான் கடலைப் பார்த்தது ஒரே முறை, பள்ளிச் சுற்றுலாவில். அந்தச் சத்தம் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்போது பையன்கள் பஸ்ஸைத் தட்டி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெஷினில் குனிந்திருந்தபோது ஒரு சாப்பாட்டுக் கூடம் தெரிந்தது. நீளமான கூடம், மஞ்சள் விளக்குகள், ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் தண்ணீர். எல்லாரும் நன்றாக உடுத்தி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் டீச்சர் வருகிறார். அவருடைய தோளில் என் தையல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் சரியாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் சரியான தையல்.

பிப்ரவரி 7, வெள்ளி

முடிந்தது. கொக்கி ஆறு, கை ஹெம்மிங், போட் நெக்குக்கு உள்பட்டை. அக்கா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “உள்பக்கம் வெளிப்பக்கத்த விட நல்லாருக்குடி,” என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்று எழுதிக்கொள்கிறேன்.

மிச்சத் துணி நாற்பது சென்டிமீட்டர், முழு அகலம். மடித்து டீச்சரின் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஞாயிறு அரியலூர் போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

ஏஞ்சலும் நானும் பத்து மணி பஸ்ஸில் கிளம்பினோம். எனக்கு ஜன்னல் ஓரம். மக்காச்சோளம் அறுத்த வயல்கள், பிறகு பருத்தி, பிறகு முந்திரி. அரியலூரை நெருங்கும்போது சாலையோர மரங்களெல்லாம் சிமெண்ட் தூசியில் மாவு தடவியவை போல வெளுத்துவிட்டன. சுண்ணாம்புக்கல் எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. பச்சையும் நீலமும் கலந்த, அசையாத தண்ணீர். அதன்மேல் வெள்ளையாக, மாடி மாடியாக, ஒரு கப்பலை நான் வைத்துப் பார்த்தேன். சரியாக நின்றது. ஒரு லாரி குறுக்கே வந்தது. லாரி போன பிறகு கப்பல் இல்லை.

மிக்கேல் சார் வாசலில் நின்றிருந்தார். உயரமானவர், கைலி, தோளில் துண்டு.

“வாம்மா. நீதான் கப்பல் டெய்லரா?”

ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கற்கள் வைத்திருந்தார். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். கிளிஞ்சல். ஆனால் கல். மடிப்பு மடிப்பாக, ஃபிரில் வைத்துத் தைத்தது போல இருந்தது.

“குழியில கெடைச்சது. இங்கல்லாம் ஒரு காலத்துல கடலாம். கொஞ்சம் முன்னாடி பொறந்திருந்தா உங்க டீச்சர வாசல்லயே கப்பல் ஏத்திவிட்டிருப்பேன். பிளேன்ல போற வேலை மிச்சம்,” என்றார்.

“ஏறுறதுக்கு இப்பவே இவ்வளவு சலிப்பு. இதுல வாசல்லயாம்,” என்று உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது.

டீச்சர் புடவையும் ஜாக்கெட்டும் உடுத்திக்கொண்டு வந்தார். தோள் சரி. கை சரி, எட்டரை. முதுகில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் சுற்றி வந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாதது எனக்குப் பழக்கமில்லை என்பதால் இன்னொரு முறை சுற்றி வந்தேன்.

டீச்சர் மகனுக்கு வீடியோ கால் போட்டார். “தம்பி, பார்த்தியா? நீ சொன்ன டின்னர் ஜாக்கெட்டு.”

“சூப்பரா இருக்கும்மா. அப்பாவோடத காட்டு.”

“அப்பாவோட எத?”

“டின்னர் ஜாக்கெட்.”

மிக்கேல் சார் போனுக்குள் எட்டிப் பார்த்தார். “நான் எதுக்குடா ஜாக்கெட்டு போடறேன்?”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. படம் ஆடியது; கூரை தெரிந்தது; ஒரு நாற்காலிக் கால் தெரிந்தது. “அம்மா… கோட்டும்மா. ஆம்பளைங்க போடற கோட்டு. அதுக்குத்தான் அப்படிப் பேரு.”

ஏஞ்சல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு அங்குலத்துக்காக போன் செய்து கேட்டவள், இதை யாரிடமும் கேட்கவில்லை. கடையில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு சொல்லைத் தட்டிப் பார்த்திருந்தால் படமே வந்திருக்கும். எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்ததால் பார்க்கவில்லை.

“நாலாம் வேற்றுமை,” என்றார் மிக்கேல் சார் டீச்சரைப் பார்த்து. அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. “சரி விடு. நம்மகிட்ட கோட்டு இல்ல. கோட்டு இல்லாதவன உள்ள விட மாட்டான். அவ போயிட்டு வரட்டும். நான் ரூம்லயே ரெண்டு பிரெட்ட தின்னுட்டுப் படுத்துக்கறேன்.”

“வேட்டி சட்டை கட்டிக்கிட்டாலும் விடுவாங்கப்பா. நான் கேட்டுட்டேன்,” என்றார் மகன்.

“நடுக்கடல்ல வேட்டிய நான் புடிப்பனா, தட்டப் புடிப்பனா?”

“உள்ள காத்தே வராதுப்பா. ஏசி.”

“ஏசி எனக்கு ஒத்துக்காது.”

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. “சரி தம்பி, வச்சுடறேன்,” என்று போனை வைத்துவிட்டு உள்ளே போனார். ஜாக்கெட்டைக் கழற்ற உதவ நானும் போனேன். கடைசிக் கொக்கியைக் கழற்றும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். கேட்டபடி எழுதுகிறேன்.

“அவரு சாப்பிடறத நான் பார்த்ததில்ல ரஞ்சனி. முப்பத்தோரு வருஷம். அவருக்கு ஷிப்டு, எனக்குப் பள்ளிக்கூடம். மூடி வச்சுட்டுப் போவேன். வந்து பார்த்தா தட்டு கழுவிக் கவுத்திருக்கும். நான் பார்த்ததெல்லாம் கவுத்த தட்டுத்தான்.”

“இப்போ ரெண்டு பேரும் வீட்லதான இருக்கீங்க டீச்சர்?”

“இருந்து? நான் போட்டுக் குடுத்துட்டு உக்காரறதுக்குள்ள அவரு கை கழுவ எந்திரிச்சிருவாரு. ஆறு நிமிஷம். எதுக்குங்க இந்த அவசரம்னா, பழகிப்போச்சுங்கறாரு.” ஜாக்கெட்டை மடித்தார். “ஆனந்து போட்டோ அனுப்பினான். ரெண்டு பேர் உக்கார்ற மேசை, எதிர் எதிரா. ஒண்ணு ஒண்ணாத்தான் கொண்டாந்து வைப்பாங்களாம். நினைச்சாலும் ஆறு நிமிஷத்துல எந்திரிக்க முடியாது. அதுக்காகத்தான் கப்பலுக்குச் சரின்னேன். கடல யாரு கேட்டா?”

பிறகு பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டில் பழைய புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கல்யாணக் கோட்டு. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மிக்கேல் சார் போட்டு நின்றது. கருநீலம், ஏறக்குறையக் கறுப்பு.

கூடத்தில் அதைப் பார்த்ததும் மிக்கேல் சார் எழுந்துவிட்டார். “இத வச்சிருக்கியா? அப்பவே யாருக்கோ குடுத்தாச்சுன்னு நினைச்சேன்.”

“நீங்க என்னாத்தப் பார்த்தீங்க,” என்றார் டீச்சர்.

போட்டுப் பார்த்தார். தோள் இன்னும் சரியாக இருந்தது. நீளமும் சரி. முன்பக்கம் நாலரை அங்குலம் சேரவில்லை. நான் அளந்து எழுதிக்கொண்டேன். டீச்சர் டீ போடப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பத்தாதுன்னு சொல்லிரும்மா. டெய்லர் சொன்னா டீச்சரம்மா கேட்டுக்குவா.”

“ஏன் சார்?”

அவர் ஒரு கல்லை எடுத்துத் திருப்பி வைத்தார். “கேன்டீன்ல செவுத்தப் பார்த்து ஒரு பலகை இருக்கும். அதுல வச்சு நின்னுக்கிட்டே தின்னவன் நான். எதுத்தாப்ல ஒரு ஆளு உக்காந்து பார்த்தா எனக்கு உள்ள எறங்காது. இத அவகிட்ட எப்படிச் சொல்றது?”

“பார்த்துட்டுச் சொல்றேன் சார்,” என்றேன்.

பஸ்ஸில் நோட்டில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘முடியாது’, வலப்பக்கம் ‘முடியும்’ என்று எழுதினேன். முடியாது: ஜென்ட்ஸ் தைத்ததில்லை. பழைய துணி. மூன்றே நாள். பிரித்துவிட்டுத் திரும்பச் சேர்க்க முடியாவிட்டால், இருக்கும் ஒரே கோட்டும் போய்விடும். முடியும்: தோள் சரி, நீளம் சரி, பக்கவாட்டில் பட்டை கொடுத்தால் போதும், பட்டைக்கு நிறம் பொருந்த வேண்டும்.

அங்கேதான் பென்சில் நின்றது. மிச்சம் வைத்திருந்த நாற்பது சென்டிமீட்டர், கருநீலம். கோட்டைப் போட்டு எடுத்து வந்த டீச்சர் பை என் மடியிலேயே இருந்தது; துணியும் அதன் அடியிலேயே.

முடியாது என்று சொன்னால் மிக்கேல் சாருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. டீச்சர் ஒருவர்தான் தனியாகச் சாப்பிடப் போவார். இந்த வாக்கியத்தை எழுதிய பிறகு, இடப்பக்கத்தை அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

“ஜென்ட்ஸ் எனக்கும் வராதுடி,” என்றார் வினோதினி அக்கா. “பிரிக்கறது யாருக்கும் வரும். பூட்டறதுதான் பாடு.”

எனவே பிரிக்கும் முன் ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் எடுத்தேன். முப்பத்தெட்டுப் படம். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய காகிதத்தை ஊசியால் குத்தினேன்.

“பிரேதப் பரிசோதனை நடக்குது, யாரும் உள்ள வராதீங்க,” என்றாள் ஏஞ்சல்.

லைனிங்கைப் பிரித்தபோது உள்ளிருந்து மூன்று காகிதத் துண்டுகள் விழுந்தன. வெள்ளி நிறம், விரல் நகம் அளவு. கல்யாணத்தன்று யாரோ தூவியவை. பை ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, அங்கேயே இருந்திருக்கின்றன. ஏஞ்சலும் நானும் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்று மினுங்கியது. அந்தக் கோயிலின் வாசல், ஒல்லியான உயரமான ஒருவர், பக்கத்தில் வெள்ளைப் புடவையில் டீச்சர். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் இருப்பது போல எனக்குத் தோன்றியது. ஊருக்கே தெரியாத பழைய கடல்.

எடுத்த இடத்திலேயே வைப்பதுதான் முறை. பட்டர் பேப்பரில் மடித்து, லைனிங் மூடும்போது உள்ளே வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டேன்.

பழைய தையலில் உள்துணி கொஞ்சம் விட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு அங்குலம். மீதி மூன்றரைக்கு இரண்டு பட்டை. பக்கத்துக்கு ஒன்றே முக்கால். கைக்கு அடியிலும் சிறு துண்டு வேண்டும். இல்லாவிட்டால் கை தூக்க வராது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வலப்பக்கப் பட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் தைத்துவிட்டேன். முழு நீளமும் தைத்த பிறகுதான் தெரிந்தது. பிரிக்க நாற்பது நிமிடம்.

“நீதான் உள்பக்கம் நல்லா தைக்கறவளாச்சே, அப்படியே விட்டுரு,” என்றாள் ஏஞ்சல். பிறகு அவளே ஒரு முனையிலிருந்து பிரித்துக் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு லைனிங் மூடியாயிற்று. மூன்று காகிதங்களும் உள்ளே இருக்கின்றன. கையைத் தொங்கவிட்டு நின்றால் பட்டை தெரியாது. கையைத் தூக்கினால் கொஞ்சம் பளபளப்பது தெரியும். கப்பலில் யாரும் கை தூக்கும்படி நேராது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

மதியத்துக்கு மேல் கடையில் லீவு சொல்லிவிட்டு ஏஞ்சலுடன் அரியலூர் போனேன். பள்ளத்துத் தண்ணீரில் இன்று வெயில் சாய்வாக விழுந்திருந்தது. மடியில் கோட்டு. கப்பலைத் தேடவில்லை. ஆனாலும் ஒரு ஓரமாக அது நின்றுகொண்டிருந்தது.

மிக்கேல் சார் கோட்டைப் போட்டார். பட்டனைப் போட்டார். குனிந்து பட்டனையே பார்த்தார். அது மூடியதில் அவருக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, “ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். நீ மூணு நாள் வேலை பார்த்துட்டு வந்துருக்க,” என்றார்.

“மன்னிச்சுக்குங்க சார்.”

“நல்லாத்தான் இருக்கு. அதான் வம்பு.”

நின்றால் சரியாக இருந்தது. உட்கார்ந்தால் எப்படி, கையை முன்னால் நீட்டினால் எப்படி என்று தெரியாமல் இதைக் கொடுக்க முடியாது. சாப்பிடப் போடும் கோட்டைச் சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னபோது எனக்கு வேறு எண்ணம் இல்லை. கைக்கு அடியில் உள்ள தையல் தாங்குமா என்ற பயம் மட்டும்தான்.

“இப்ப மணி ஆறுதான,” என்றார் மிக்கேல் சார்.

“கப்பல்லயும் சீக்கிரமாத்தான் போடுவாங்களாம் மாமா,” என்றாள் ஏஞ்சல். “அத்தை, நீங்களும் உக்காருங்க. உங்க ஜாக்கெட்டும் கை நீட்டினா தூக்குதான்னு பார்க்கணும்ல.”

டீச்சர் உள்ளே போய் அந்தச் சாம்பல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, கருநீல ஜாக்கெட்டுடன் வந்தார். சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டோம். அது இத்தனை நாளும் சுவரோடு ஒட்டித்தான் கிடந்திருக்கிறது. எதிர் எதிராக இரண்டு நாற்காலி. சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், அப்பளம். பரிமாறியது ஏஞ்சல். நான் பக்கவாட்டில் நின்று தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடங்கிய நேரம் 6.12.

முதல் கவளத்துக்கு அவர் கை வேகமாகத்தான் போனது. குழம்பு விரல் இடுக்கில் வழிந்தது. கோட்டின் கையைப் பார்த்தார். நிறுத்தினார். மறுகையால் கோட்டின் நுனியை மேலே இழுத்துக்கொண்டு, சின்னதாக ஒரு கவளம் எடுத்து, தட்டுக்கு மேலாகக் குனியாமல், மெதுவாகக் கொண்டுபோனார். அடுத்ததும் அப்படியே. கோட்டில் பட்டுவிடக் கூடாது என்ற பயம் அவரை நிதானமாக்கிவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தால் எதிரே இருப்பவரைப் பார்க்காமல் இருக்க முடியாது.

“என்னா பார்க்கற?” என்றார்.

“ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.”

வெளியே ஒரு லாரி போனது. மேசையிலிருந்த தம்ளர் தண்ணீர் மெல்ல ஆடியது. அந்த ஆட்டத்தில் கூடம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது போல எனக்கு இருந்தது. ஜன்னலில் கல் கிளிஞ்சல்கள். விளக்கு மஞ்சள்.

“நீ அப்பளத்த மொதல்லயே தின்னுருவியா?” என்றார் மிக்கேல் சார்.

“ஆமா.”

“ரசத்துக்கு?”

“ரசத்துக்கு ஒண்ணும் வச்சுக்க மாட்டேன். எப்பவும் அப்படித்தான்.”

“எனக்குத் தெரியாதே,” என்றார். தன் தட்டிலிருந்த அப்பளத்தைப் பாதியாக உடைத்து டீச்சர் பக்கம் நகர்த்தினார். நீட்டிய கையின் அடியில் கருநீலப் பட்டு ஒரு கோடாகத் தெரிந்து மறைந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். தன் ஜாக்கெட்டின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அப்பளத்தை எடுத்தார்.

சாப்பிட்டு எழுந்த நேரம் 6.49. அதற்குப் பிறகும் கை கழுவ இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

கோட்டைக் கழற்றி வாங்கிப் பார்த்தேன். கறை இல்லை. இடது கைக்கு அடியில் தையல் இழுத்து, இரண்டு நூல் விட்டிருக்கிறது. வலது பக்கம் ஒன்றுமில்லை. தம்ளர் எடுக்கிற கைப் பக்கத்தில் இன்னும் கால் அங்குலம் வேண்டும். நேற்றே பார்த்திருக்க வேண்டியது.

நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். மிக்கேல் சார் துண்டில் கை துடைத்துக்கொண்டே, “டெய்லரம்மா, உள்ள ஒரு பை வைக்க முடியுமா?” என்று கேட்டார்.

“எதுக்கு சார்?”

“கண்ணாடி வைக்க. அங்க என்ன என்ன சாப்பாடுன்னு அட்டையில எழுதிக் குடுப்பாங்களாம். அத நான் படிக்காம இவ படிச்சா, அதுக்கும் வேற்றுமை சொல்லுவா.”

டீச்சர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் அதைச் சுவரோரம் தள்ளவில்லை.

நாளை, வியாழன்: காலை ஐந்து மணிக்கு எழுந்து இடது கைத் தையலைப் பிரித்து, கால் அங்குலம் விட்டு, இரண்டு ஓட்டமாகத் தைக்க வேண்டும். மிச்சப் பட்டில் கண்ணாடிக்கு உள்பை: அகலம் மூன்று, நீளம் ஆறரை, இடது மார்புப் பக்கம். வெட்டும் முன் அளவை ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்களுடைய திருச்சி ரயில் பதினொன்றே காலுக்கு. பத்தரைக்குள் அரியலூர் ஸ்டேஷனில் கோட்டைக் கொடுத்துவிட வேண்டும்.